தூக்க முடியாத புளியங்கட்டையும் நாங்கள் செய்துகொண்ட பிளக்கும் மெஷினும்: ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு

விறகு பிளக்கும் மெஷின் வாங்கலாமா, பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் செய்துகொண்டோம். ஒரு முழு மழைக்காலம் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது, அதனால் நல்லதும் கெட்டதும் இப்போது தெளிவாகத் தெரிகிறது.

எங்களுக்குப் பெரம்பூர் பக்கம் விறகு அடுப்பு கேட்டரிங். கல்யாணம், காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ஆர்டர். வழக்கமாக விறகுத் தொட்டியில் பிளந்த சவுக்கு வாங்கிவிடுவோம், மணிக்கட்டுத் தடிமனில், அடுப்புக்கு அளவாக இருக்கும். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது மாதவரம் தாண்டி எங்கள் பெரியப்பா மனையில் இருந்த பழைய புளியமரம் வேரோடு சாய்ந்தது. “எடுத்துக்கிட்டுப் போப்பா, யாரோ எடுத்துப் போறதுக்கு நீ எடுத்துக்கோ” என்றார். செயின்சாக்காரரை வைத்து ஒன்றரை அடி நீளத் துண்டுகளாக அறுத்தோம். 34 துண்டு. குட்டி யானையில் நாலு நடை. மேல்கிளைத் துண்டுகள் எல்லாம் சாதாரணம்தான், ஆனால் அடிமரத்துத் துண்டுகள் குறுக்கே இரண்டரை அடி இருந்தன. கணக்குப் போட்டால் ஒவ்வொன்றும் 200 கிலோவுக்குக் கிட்டே வரும். வண்டியில் ஏற்ற ஐந்து பேர் பலகை போட்டு உருட்டினோம், இறக்கும்போது தள்ளிவிட்டோம். கொட்டகை ஓரத்தில் அப்படியே கிடந்தது.

முதலில் கோடாலிதான். விறகு பிளக்கிற ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள், அனுபவசாலிகள், மேல்கிளைத் துண்டுகளை ஒன்றரை நாளில் முடித்துவிட்டார்கள். அடிமரத்தைப் பார்த்ததும் பெரியவர் கையால் தட்டிப் பார்த்துவிட்டு “இது கோடாலிக்கு அடங்காதுங்க, நார் ஒன்றுக்குள்ள ஒன்று பின்னிக்கிட்டு இருக்கு” என்றார். இருந்தாலும் இரும்பு ஆப்பும் சம்மட்டியும் வைத்து ஒன்றை முயன்றார்கள். முதல் ஆப்பு முழுதும் உள்ளே போனது, கட்டை விரியவில்லை. அதை எடுக்க இன்னொரு ஆப்பு அடித்தார்கள், அதுவும் உள்ளே. கடைசியில் செயின்சாவால் சுற்றி அறுத்துத்தான் இரண்டையும் மீட்டோம். சவுக்கைப் பச்சையாக இருக்கும்போது நிறுத்தி வைத்து ஓங்கி ஒன்று போட்டால் கோடு கிழித்த மாதிரி இரண்டாகும். புளி அப்படி இல்லை, அதுவும் கிளை பிரிகிற கவைப்பகுதி என்றால் நார் எந்தப் பக்கம் போகிறது என்று மரத்துக்கே தெரியாது.

அடுத்து, கடையில் கிடைக்கிற 20 டன் பாட்டில் ஜாக்கை வைத்து ஒரு சட்டம் செய்து பார்த்தோம். இதை நிறையப் பேர் செய்கிறார்கள், குறைந்த செலவு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேலே ஒரு பிளேட், கீழே ஒரு பிளேட், நடுவில் இரண்டு பக்கமும் சேனல், கட்டையை நிறுத்தி மேலே ஆப்பு, ஜாக் அழுத்தும். பலம் போதுமானதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு முறை கைப்பிடியை அழுத்தினால் ஜாக் ஏறுவது சில மில்லிமீட்டர்தான், மொத்தமாக ஏறுவதே ஆறேழு அங்குலம், அதற்குப் பிறகு இறக்கி, அடியில் கட்டை வைத்து, மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு துண்டுக்கு 15 நிமிடம். அதைவிட, ஆப்பு கொஞ்சம் கோணலாக இறங்கினாலும் ஜாக் பக்கவாட்டில் சாய்ந்து வழுக்கப் பார்க்கிறது. மூன்றாவது துண்டில் எங்கள் சேனல் ஒரு பக்கம் வளைந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு முறை பத்துச் சின்னக் கட்டை பிளக்கிறவர்களுக்கு அது போதும். எங்களுக்கு ஆகவில்லை.

சரி, மெஷினே பார்க்கலாம் என்று இறங்கினோம். முதலில் காட்டியது சுழலும் கூம்பு வகை, திருகாணி மாதிரி மரை போட்ட கூம்பு மோட்டாரில் சுற்றும், கட்டையை அதில் குத்தினால் தானே உள்ளே இழுத்துப் பிளக்கும். விலை குறைவு, வேகம் அதிகம், வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும். வேண்டவே வேண்டாம் என்று சொல்வேன். கட்டை பிளக்காமல் மாட்டிக்கொண்டால் கட்டையே சேர்ந்து சுற்றும், பிடித்திருக்கிற கை என்னவாகும்? எங்கள் கொட்டகையில் வேட்டி, லுங்கி, தோளில் துண்டு என்றுதான் ஆட்கள் இருப்பார்கள். ஒரு நூல் சுற்றினாலும் போதும். அடுத்து, பெட்ரோல் இன்ஜின் போட்ட வெளிநாட்டு மாடல் ஹைட்ராலிக் மெஷின்கள், அதாவது ஆயில் அழுத்தத்தில் ஆப்பைத் தள்ளுகிறவை, பார்த்தோம். அவை நல்லவைதான், ஆனால் பார்த்ததில் பெரும்பாலானவற்றில் கட்டையைப் படுக்கவைக்கிற மேடை முழங்கால் உயரத்துக்கு மேல் இருந்தது. விற்கிறவர்கள் எல்லோரும் எத்தனை டன் என்பதையே பேசினார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்த 200 கிலோக் கட்டையை அதன் மேல் யார் தூக்கி வைப்பது? பதில் வரவில்லை.

பெரிய கட்டை வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிளப்பது இரண்டாவது வேலை, தூக்குவதுதான் முதல் வேலை. மெஷின் கட்டையிடம் வர வேண்டும். அதாவது மெஷினின் முதுகெலும்பான நீள இரும்புப் பீம் நிமிர்ந்து நிற்க வேண்டும், அதன் பாதம் தரையைத் தொட வேண்டும், கட்டையை உருட்டிக்கொண்டு போய்ப் பாதத்தில் ஏற்ற வேண்டும், ஆப்பு மேலிருந்து இறங்க வேண்டும். சின்னக் கட்டைகளுக்குப் பீமைப் படுக்க வைத்து ஓட்டிக்கொள்ளலாம். இந்த இரண்டு நிலையும் வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்துகொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன்.

பட்டறை அண்ணன் பல வருடம் பிரஸ் மெஷின்களுக்கு ஹைட்ராலிக் வேலை செய்தவர். தாளைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்கு நம்பிக்கை கொடுத்தது: “தம்பி, உங்க கொட்டகையில் கரண்ட் சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா?” மாவு மெஷினுக்காக ஏற்கெனவே மும்முனை இணைப்பு எங்களிடம் இருந்தது. அதை வைத்துத்தான் மீதி எல்லாம் அமைந்தது.

கணக்கைச் சொல்கிறேன், செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு உதவும். 5 எச்பி மோட்டார், 1440 சுற்று. அதில் ஒரு சுற்றுக்கு 8 சிசி தள்ளும் கியர் பம்ப். நிமிடத்துக்கு ஏறக்குறைய 11.5 லிட்டர் ஆயில் வரும். ஆப்பைத் தள்ளும் சிலிண்டரின் உள்விட்டம் 100 மில்லிமீட்டர், அதிலிருந்து நீளும் ராடு 50, ராடு போய்வரும் தூரமான ஓட்டம் 500. அந்த வட்டத்தின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 160 பார் வைத்தால் 12.5 டன்னுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். முழு ஓட்டம் இறங்க 20 நொடி, திரும்ப ஏற 15 நொடி. (ஏறும்போது ராடு இடத்தை அடைத்துக்கொள்வதால் ஆயில் குறைவாகத் தேவைப்படுகிறது, அதனால்தான் சீக்கிரம் ஏறுகிறது.) இன்னும் பெரிய சிலிண்டர் போட்டால் டன் ஏறும், ஆனால் அதே பம்பில் வேகம் குறையும். வேகமும் வேண்டும் டன்னும் வேண்டும் என்றால் மோட்டார் பெரிதாக வேண்டும், கரண்ட் பில்லும் பெரிதாகும். அழுத்தம் இல்லாதபோது வேகமாகவும், கட்டை எதிர்க்கும்போது மெதுவாகவும் தள்ளுகிற இரண்டு நிலைப் பம்ப் உண்டு, வெளிநாட்டு மெஷின்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. நான் தேடிய கடைகளில் உடனே கிடைக்கவில்லை, சாதாரணக் கியர் பம்போடு நின்றுவிட்டோம். இதுவரை அதற்காக வருத்தப்பட்டதில்லை, ஏனென்றால் பெரும்பாலான கட்டை ஆப்பு நாலைந்து அங்குலம் இறங்கியதுமே படீரென்று வாய் திறந்துவிடுகிறது. முழு ஓட்டம் தேவைப்படுவது பத்தில் மூன்றுக்குத்தான்.

பீமுக்கு I வடிவத்தில் 200 மில்லிமீட்டர் ஐ செக்‌ஷன், 1.8 மீட்டர் நீளம். மீட்டருக்கு 25 கிலோ பக்கம் வரும். இதில் கஞ்சத்தனம் கூடாது. 12 டன்னும் பீமின் ஒரு முகத்தில்தான் இழுக்கிறது, மெலிந்த செக்‌ஷன் போட்டால் வில் மாதிரி வளையும். நிறையப் பேர் என்னிடம் கேட்பது, இவ்வளவு அழுத்தத்தில் தரை உடையாதா என்று. உடையாது. சிலிண்டர் கீழே தள்ளுகிறது, பாதம் மேலே தாங்குகிறது, இரண்டும் ஒரே பீமில் பற்றவைத்தவை, அந்தப் பலம் பீமுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தரை தாங்குவது மெஷினின் எடையையும் கட்டையின் எடையையும் மட்டும்தான். ஆனால் வெல்டிங் தாங்க வேண்டும். பாதத்துப் பிளேட் 25 மில்லிமீட்டர், அடியில் முக்கோண முட்டுகள். வெல்டிங் ராடு 7018 வகை. அந்த ராடை அடுப்பில் வைத்துச் சூடாக்கி ஈரம் போக்கிவிட்டுத்தான் அண்ணன் பற்றவைத்தார், நான் கேட்காமலேயே. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தப் பட்டறைக்கு முழு மதிப்பெண்.

சாமான் வாங்கப் பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்கு இரண்டு நாள் அலைந்தேன். ஹோஸ், பிட்டிங், பிரஷர் கேஜ், பில்டர் எல்லாம் அங்கே ஒரே நடையில் முடிந்தது. காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அந்தச் சந்துகளில் தள்ளுவண்டிக்கும் சாமான் ஏற்றும் வண்டிக்கும் நடுவில் நடக்கவே முடியாது. கையில் மாதிரி கொண்டு போகாமல் பிட்டிங் வாங்காதீர்கள், மரை அளவு பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், வீட்டுக்கு வந்தால் ஏறாது. நான் இரண்டு பிட்டிங்குக்காகத் திரும்பப் போக வேண்டியிருந்தது, கடைக்காரர் பில் கூடக் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார். சக்கரமும் அச்சும் புதுப்பேட்டையில் பழைய சாமானில் எடுத்தது. சிலிண்டர் மட்டும் புதிதாகவே செய்யச் சொன்னோம். பழைய சிலிண்டர் பாதி விலைக்குக் கிடைத்தது, ஆனால் உள்ளே கோடு விழுந்திருந்தால் சீல் நிற்காது, வெளியே பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

வேலை முடிந்து வர ஐந்து வாரம் ஆனது. மூன்று வாரம் என்று சொல்லியிருந்தார்கள். நடுவில் இரண்டு முறை “நாளைக்கு வாங்க” என்று சொல்லி, போனால் பீமே தொடாமல் இருந்தது. கேட்டரிங் வேலையை விட்டுவிட்டு அம்பத்தூர் வரை போய்ச் சும்மா திரும்பினால் கோபம் வரத்தான் செய்யும். வந்த பிறகும் நாலு குறை இருந்தது, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் ஓட்டியபோதே, கட்டை எதிர்த்ததும் மோட்டார் உறுமி, பாரம் மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே விழுந்தது. மறுபடி போட்டால் மறுபடி விழுந்தது. கேஜைப் பார்த்தால் 210 பார் ஏறுகிறது. டன் கூடுதலாக வரட்டும் என்று பட்டறையில் ரிலீஃப் வால்வை (அழுத்தம் எல்லை தாண்டினால் ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடுவது) இறுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அழுத்தத்துக்கு 5 எச்பி போதாது, 6 எச்பிக்கு மேல் கேட்கும். 160க்குக் குறைத்ததும் சரியானது. கேஜ் இல்லாமல் இருந்திருந்தால் மோட்டார் மேல் சந்தேகப்பட்டு அதைக் கழற்றியிருப்போம். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கக் கேஜை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது குறை, என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிது. லீவரை எந்தப் பக்கம் தள்ளினாலும் அங்கேயே நிற்கிற வால்வைப் போட்டிருந்தார்கள். ஆப்பு ஏறும்போது லீவர் அப்படி நிற்கலாம், அது வசதி. ஆப்பு இறங்கும்போது லீவர் அப்படி நிற்கவே கூடாது. கையை எடுத்த நொடியில் லீவர் ஸ்பிரிங்கில் நடுவுக்கு வர வேண்டும், ஆப்பு நிற்க வேண்டும். ஆப்பு தானாக இறங்கிக்கொண்டே இருக்க, ஆள் இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அண்ணனிடம் சொன்னேன். “ஸ்பீடா வேலை நடக்கும்னுதான் போட்டேன் தம்பி” என்றார். வேகம் வேண்டாம், கை வேண்டும் என்று சொல்லி வால்வை மாற்ற வைத்தேன். வித்தியாசத் தொகையைப் பாதி அவர் ஏற்றுக்கொண்டார், பாதி நான் கொடுத்தேன்.

மூன்றாவது, ஆப்பு முழுதும் இறங்கினாலும் பாதத்துக்கு மேல் 10 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. வேம்பு, சவுக்குக்கு அது பிரச்சினையே இல்லை. புளியில் அடிநார் அறுபடாமல் இரண்டு பாதியும் தொங்கிக்கொண்டு நின்றது, ஒவ்வொன்றையும் கையால் பிய்க்கவோ கோடாலியால் வெட்டவோ வேண்டியிருந்தது. பாதத்தின் மேல் 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு கட்டிப் பிளேட் வைத்துப் பற்றவைத்துத் தீர்த்தோம். அதோடு பாதத்தின் முன்விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து, ஒரு சாய்வுத் தகடும் வைத்தோம், உருட்டி வரும் கட்டை தடுக்காமல் ஏறுவதற்கு. நாலாவது, பீமை நிமிர்த்திப் பூட்டுகிற இரும்புப் பின் 12 மில்லிமீட்டரில் லொடலொட என்று ஆடியது. 20 மில்லிமீட்டராக மாற்றிக் கிளிப்பும் போட்டார்கள். நிமிர்த்தும் கீல் ஓரளவுக்கு நடுவில் இருப்பதால் தூக்கும்போது கையில் வரும் பாரம் 35 கிலோ பக்கம்தான், இரண்டு பேர் சுலபமாக நிமிர்த்திவிடுவார்கள். ஒருவராலும் முடியும், ஆனால் நாங்கள் அனுமதிப்பதில்லை.

வேலை எப்படி நடக்கிறது? கட்டையைத் தட்டையாகப் படுக்க வைத்து, கடப்பாரையால் நெம்பி, சாய்வுத் தகட்டில் ஏற்றிப் பாதத்தில் நகர்த்துகிறோம். இரண்டரை அடிக் கட்டையை நடுவில் பிளக்கப் பார்க்காதீர்கள். எங்கள் ஆப்பின் அகலம் 25 சென்டிமீட்டர், அது நடு வைரத்தில் போய் நிற்கும், அழுத்தம் 160ஐத் தொட்டு ஆயில் சுற்றிக்கொண்டு திரும்பும், சூடாவதுதான் மிச்சம். ஓரத்திலிருந்து சீவிக்கொண்டு வர வேண்டும். ஒரு சீவல், கட்டையைக் கொஞ்சம் திருப்பு, இன்னொரு சீவல், வட்டமாகச் சுற்றி வந்தால் நடுவில் ஒரு சின்ன வைரக்கட்டை மிஞ்சும், அதை நேராகப் பிளக்கலாம். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் முன்பு கோடாலியோடு வந்த அந்தப் பெரியவர்தான். மெஷினை ஓட்ட அவரையே கூப்பிட்டோம். மரத்தின் வெட்டு முகத்தில் வெடிப்புக் கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அந்தக் கோட்டில் ஆப்பை வைப்பார். நான் வைத்தால் முனகிக்கொண்டு இறங்குகிற ஆப்பு, அவர் வைத்தால் சத்தமில்லாமல் இறங்கும். கணு இருக்கிற பக்கத்தைக் கீழே வைக்கச் சொல்வார், கணு இல்லாத பக்கம் முதலில் வாய் திறந்துவிட்டால் கணுவும் கூடவே போகும் என்பார். அது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கிறது.

இப்படி ஒரு அடிமரத் துண்டு, 200 கிலோ, முழுதும் அடுப்பு விறகாக 35லிருந்து 40 நிமிடம் ஆகிறது, இரண்டு பேருக்கு. முதுகு வலி இல்லை. தெருவில் விழுந்த தூங்குமூஞ்சி மரத்துண்டுகள் சில ஒரு நண்பர் மூலம் வந்தன, அதுவும் நார் பின்னிய மரம்தான், நேராகப் பிளக்காது, பிய்ந்து பிய்ந்து வரும், ஆனால் மெஷினை நிறுத்தவில்லை. வேம்பு வெண்ணெய் மாதிரி. காய்ந்த சவுக்கு அடிக்கட்டை துப்பாக்கி வெடித்த மாதிரி வெடித்துத் தெறிக்கிறது, அதற்குக் கண்ணாடி இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. தோற்றது புளியின் கவைத்துண்டுகளிடம். மொத்தம் ஐந்து இருந்தன, இரண்டைப் பிளந்தது, மூன்றில் நின்றுவிட்டது. அவற்றைச் செயின்சாவால் நார்ப்போக்கில் பாதி ஆழம் அறுத்து, அந்த வாயில் ஆப்பை விட்டால் போகிறது. 25 டன் மெஷினாக இருந்தால் நேராகவே போயிருக்கலாம். ஆனால் மூன்று கட்டைக்காக இன்னொரு மடங்கு செலவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கை விஷயத்தில் மறுபடியும் ஒன்று. ஆப்பசைத்த குரங்கின் கதை நமக்கெல்லாம் சின்ன வயதிலேயே தெரியும், பாதி பிளந்த மரம் எப்படி மூடிக்கொள்ளும் என்று. இங்கேயும் அதே மரம்தான். ஆப்பு உள்ளே இருக்கும்போது பிளவுக்குள் விரலை விட்டுச் சிராயை எடுக்கப் போவது மனிதர்களுக்குத் தானாக வருகிற பழக்கம், எங்கள் ஆட்களில் எல்லோரும் முதல் நாள் அதைச் செய்தார்கள். ஒரு அடி நீளக் கம்பிக் கொக்கி செய்து லீவருக்குப் பக்கத்திலேயே மாட்டிவைத்தோம், எது எடுப்பதாக இருந்தாலும் கொக்கியால்தான். லீவரைப் பிடிப்பவர்தான் கட்டையைச் சரிசெய்ய வேண்டும், ஒருவர் லீவர், இன்னொருவர் கட்டை என்று வேலையைப் பிரிக்கக் கூடாது, அதில்தான் விரல் போகும். அப்புறம் ஹோஸ். எங்காவது ஆயில் கசிகிற மாதிரி தெரிந்தால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். 160 பாரில் ஊசித்துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கெட்டுப்போகும், உடனே அறுவைசிகிச்சை தேவைப்படுகிற விஷயம். அட்டையை நீட்டிப் பாருங்கள், மோட்டாரை நிறுத்தி லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை இறக்கிவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.

செலவு மொத்தம் 1,06,500 ரூபாய். அதில் சிலிண்டர் 21,000, மோட்டார் 17,500, பட்டறைக் கூலி 18,000, மீதி இரும்பு, பம்ப், வால்வு, டேங்க், ஹோஸ், 40 லிட்டர் 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில், சக்கரம். சின்னத் தொகை இல்லைதான். வீட்டில் ஒரு அடுப்புக்கு விறகு வேண்டும் என்றால் இது தேவையே இல்லை, கோடாலிக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாதிரி வாரத்துக்கு மூன்று நாலு பெரிய அடுப்பு எரிகிறவர்கள், விறகுத் தொட்டி வைத்திருப்பவர்கள், புயலுக்குப் பிறகு பெரிய அடிமரம் சும்மா கிடைக்கிற இடம் தெரிந்தவர்கள் செய்துகொள்ளலாம். இந்த ஊரில் 2016 வர்தாவிலும் பார்த்தோம், அதற்குப் பிறகும் பார்க்கிறோம், மரம் சாய்கிறது, கிளையை எல்லோரும் எடுத்துப் போகிறார்கள், அடிமரம் மட்டும் யாரும் தொடாமல் நடைபாதையில் மாதக்கணக்கில் கிடந்து செல்லரித்துப் போகிறது. தூக்கவும் பிளக்கவும் முடியாததுதான் காரணம்.

பட்டறையைப் பற்றிக் கடைசியாக. நேரம் தவறினார்கள், வால்வு விஷயத்தில் யோசிக்காமல் செய்தார்கள். ஆனால் குறை சொன்ன ஒவ்வொரு முறையும் அண்ணன் தானே வந்து பார்த்தார், மழைக்காலத்தில் ராடு சீலில் ஆயில் கசிந்தபோது பைக்கில் பெரம்பூர் வந்து அரை நாளில் மாற்றிக் கொடுத்தார், சீலுக்கு மட்டும் காசு வாங்கினார். கடையில் வாங்கிய மெஷினாக இருந்தால் சீலுக்காக எத்தனை வாரம் போனில் பேசிக்கொண்டிருந்திருப்பேனோ. இதில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் நம் ஊரிலேயே கிடைக்கிறது என்பது எனக்குப் பெரிய நிம்மதி. பராமரிப்பு என்று பார்த்தால், ஆப்பு சறுக்கி இறங்குகிற பீமின் முகத்துக்கு வேலை தொடங்கும் முன் கிரீஸ், மழையில் தார்ப்பாய், வேலை முடிந்ததும் ராடை உள்ளே இழுத்து வைப்பது, இவ்வளவுதான். ராடு வெளியே நீட்டிக்கொண்டு நனைந்தால் துரு பிடித்து அடுத்த முறை சீலைக் கிழிக்கும். எங்களுக்கு அந்தக் கசிவு வந்ததும் அப்படித்தான், அது எங்கள் தவறு.

பிளந்த புளியைக் கொட்டகைக்கு வெளியே காற்றுப் போகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, அந்தக் கோடை முழுதும் காய விட்டோம். முழுக்கட்டையாகக் கிடந்தபோது மாதக்கணக்கில் ஈரம் அப்படியே இருந்த மரம், பிளந்த பிறகு அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் ஒன்றோடொன்று தட்டினால் டங்கென்று சத்தம் கேட்கிற அளவுக்குக் காய்ந்துவிட்டது. ஆடி மாதம் முதல் ஆர்டருக்கு எரித்தோம். எங்கள் மாஸ்டர் தம் போடும்போது தேக்சா மூடி மேல் அள்ளிப் போட்ட தணலைக் கிளறிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது கடைசி வரைக்கும் சாம்பல் ஆகாம நிக்குது, சவுக்கு நடுவுல இன்னொரு முறை போடணும்” என்றார். 34 துண்டில் இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறது, தை மாதக் கல்யாணங்களுக்கு வைத்திருக்கிறோம்.